கற்பூர மரம் வாய் பிளப்பது வெயிலால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் குன்னூரைச் சேர்ந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வீட்டருகே வெட்டிப் போட்ட கற்பூர மரத்தின் (மலையில் நாங்கள் யூகலிப்டஸை அப்படித்தான் சொல்வோம்) இரண்டு முனைகளும் நட்சத்திரம் வரைந்ததுபோல் வெடித்திருக்கின்றனவே, ஏன்? பதில் எழுதியவர் இரண்டே வரியில் வேலையை முடித்துவிட்டார்: மரத்திலுள்ள நீர் வெயிலில் ஆவியாகிறது, மரம் சுருங்குகிறது, அதனால் வெடிக்கிறது.

படித்த அன்றே எழுத உட்கார்ந்தேன். "பத்திரிகைக்காரர்களோடு உங்களுக்கு என்ன வம்பு" என்று என் மனைவி பேனாவை எடுத்து வைத்துவிட்டார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான் 1979 முதல் 2015 வரை கோத்தகிரிப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்த்தவன். கூலியாகச் சேர்ந்து, கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் ரம்ப மேஸ்திரியாக இருந்தேன். தேக்கு, பலா, சில்வர் ஓக், சீகை (வாட்டில் மரம்) என்று எது காய்ந்து வெடிக்கும், எது காயாமலேயே வெடிக்கும் என்பது என் கைக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதில் தவறு. அதே தவறான பதிலுக்காக நான் ஒரு காலத்தில் அபராதமும் கட்டியிருக்கிறேன்.

முதலில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். அப்படி ஒரு கார்த்திகையில், மூன்று நாளாகச் சூரியனே தெரியாத ஒரு காலையில், இரண்டடி விட்டமுள்ள கற்பூர மரம் ஒன்றைச் சாய்த்தோம். மூடுபனியில் எதிரே நிற்கும் ஆள் நிழலாகத்தான் தெரிந்தார். பட்டை உரிந்த இடமெல்லாம் தண்ணீர் சொட்டியது. பத்தடி அளந்து குறுக்கே அறுத்தோம். ரம்பத்தை வெளியே எடுத்துப் பீடி பற்றவைக்கக்கூட நேரமில்லை. தடியின் முகத்தில், நடுப்புள்ளியிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. பிறகு "டப்" என்று தேங்காய் உடைக்கிற சத்தம். கோடு விரல் நுழையும் பிளவானது. அடுத்து இன்னொரு திசையில் ஒன்று, அதற்கு எதிர்த்திசையில் ஒன்று. கால் மணி நேரத்தில் தடியின் முகம் ஒரு நட்சத்திரம். வெட்டு முகத்தில் கையை வைத்துப் பார்த்தேன், ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. இதில் எந்த வெயில், எந்த ஆவி?

மரம் காய்ந்து சுருங்குவது உண்மைதான், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் உலர்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் தொடங்கும். அதுவரை வெளியேறுவது மரத்தின் நுண்குழாய்களில் சும்மா நிற்கிற தண்ணீர். குழாயிலிருந்து தண்ணீர் வடிந்தால் குழாய் சுருங்குமா? சுவரில் ஊறிய ஈரம் போக ஆரம்பிக்கும்போதுதான் சுருங்கும். அப்போதுதான் வெட்டிய கற்பூர மரம் அந்த 30-க்கு வெகுமேலே இருக்கும். அது அங்கே இறங்கி வரப் பல வாரம் ஆகும். கால் மணி நேர வெடிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனி அபராதக் கதை. 1984-ல் ஒரு பெரிய வேலை வந்தது. பெட்டிச் சட்டத்துக்குப் பலகை அறுக்கக் கற்பூரத் தடிகள் லாரி லாரியாக இறங்கின. சாதாரணமாக இந்த மரத்தை யாரும் பலகைக்குத் தேடமாட்டார்கள். விறகுக்குப் போகும், கம்பத்துக்குப் போகும், அல்லது அந்தக் காலத்தில் ஓடிய சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழுக்காகப் போகும். வேகவைக்கப் போகிற மரம் வெடித்தால் யாருக்கு நஷ்டம்? பலகை என்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தடிகளின் முனைகள் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி, இரண்டடி ஆழத்துக்குப் பிளந்து நின்றன. முதலாளி, "தடியை வெயிலில் போட்டுவிட்டு எங்கே போனாய்" என்று கேட்டார். ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தேன், பகலில் இரண்டு முறை தண்ணீரும் தெளித்தேன். நம்பவில்லை. அந்த வாரக் கூலியில் 40 ரூபாய் பிடித்துவிட்டார். 1984-ல் 40 ரூபாய் என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அடுத்த லோடு வந்தபோது பிடிவாதமாக நான்கு தடிகளை ஓடைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். தண்ணீருக்குள் கிடந்தபடியே வெடித்தன. அதை முதலாளியிடம் காட்டினேன். மரத்தைத் திருட்டுத்தனமாக நனைத்தேன் என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

எங்களுக்குக் காரணம் தெரியாது, குணம் தெரியும். கற்பூரத் தடியை வண்டியில் ஏற்றி நாடா ரம்பத்துக்குள் (பேண்ட் சா) விட்டால், பட்டைப் பக்கத்து முதல் பலகை பாதி அறுபடும்போதே வெளிப்பக்கம் வளைந்து ரம்பத்தை விட்டு விலகும். அறுத்து முடிந்ததும் தரையில் போட்டால் பட்டை இருந்த முகம் குழிந்து வில்லாகக் கிடக்கும். தடியை நட்ட நடுவில் இரண்டாக வகுந்தால் இரண்டு பாதிகளும் முதலை வாய் திறப்பதுபோல் ஒன்றை விட்டு ஒன்று விலகும். ஆகவே பழைய மேஸ்திரிகள் ஒரு பக்கமே தொடர்ந்து அறுக்க விடமாட்டார்கள். இங்கே ஒரு பலகை எடுத்தால், தடியைப் புரட்டி எதிர்ப்பக்கம் ஒரு பலகை. முனைகளில் இரும்பு எஸ் கொக்கி அடிப்பார்கள், அந்தக் கால ரயில் மரக்கட்டைகளில் அடித்திருப்பார்களே, அதுதான். ஏன் இப்படி என்று கேட்டால், "காற்றுப் பிடித்த மரம், உள்ளே கோபம் இருக்கிறது" என்பார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். கோபம் என்ற சொல்லை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். இப்போது அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

காரணம் தெரிந்தது நான் ஓய்வுபெற்ற பிறகுதான். என் மகள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் நடத்துகிறாள். ஒரு பொங்கல் விடுமுறையில் இந்தப் பழைய கதையை அவளிடம் சொன்னேன். "அப்பா, இது எங்கள் பாடத்தில் இருக்கிறது" என்றாள். மேற்பரப்பில் அடுக்கு அடுக்காகச் சேர்ந்து வளர்கிற திடப்பொருள்களின் எந்திரவியல் என்று அதற்கு ஒரு தனிக் கிளையே இருக்கிறதாம். அடுக்கு அடுக்காக எழுப்புகிற அணை, மண்கரை, நத்தையின் ஓடு, ஏரியில் உறைகிற பனிக்கட்டி, மரம் எல்லாம் அதில் அடக்கம்.

அவள் கரும்பலகை தேடவில்லை. அம்மாவின் தையல் மிஷினிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாபினை எடுத்தாள். நைலான் நூலை இழுத்துப் பிடித்து இறுக்கமாகச் சுற்றச் சொன்னாள். சுற்றச் சுற்ற, மேலே வரும் ஒவ்வொரு சுற்றும் உள்ளே இருப்பதை நெருக்கியது. அரை மணி நேரத்தில் பாபின் கீறல் விட்டது (என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்). நூலில் எந்த ஒரு சுற்றும் பாபினை உடைக்கிற அளவுக்குப் பலமுள்ளதல்ல. ஆனால் ஒவ்வொன்றும் வரும்போதே இழுப்போடு வருகிறது. முன்னே வந்தவையெல்லாம் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். முதலில் சுற்றிய நூலை அவிழ்த்துக் காட்டினாள். சுற்றும்போது இருந்த விறைப்பு அதில் இல்லை, தொய்ந்திருந்தது. மேலே உள்ளது விறைப்பு, உள்ளே உள்ளது தொய்வு, அதற்கும் உள்ளே நசுக்கல்.

மரமும் அப்படியே வளர்கிறது என்றாள், இழுப்பின் திசை மட்டும் வேறு. நூல் சுற்றிவளைத்து இழுக்கிறது, மரம் நெடுக்கில் இழுக்கிறது. பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய தோல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய அடுக்கைப் போடுகிறது. அந்தப் புதிய அடுக்கின் செல்கள் முதிரும்போது நெடுக்கில் சற்றுச் சுருங்கவும், அகலத்தில் சற்றுப் பருக்கவும் பார்க்கும். ஆனால் உள்ளே ஏற்கெனவே இறுகிப்போன பழைய மரம் விடுவதில்லை. சுருங்க முடியாத புது அடுக்கு இழுவிசையோடு நிற்கிறது. அந்த இழுவிசைக்கு ஈடாக உள்மரம் கொஞ்சம் அமுங்குகிறது. அடுத்த ஆண்டு அடுத்த அடுக்கு, அதற்கு ஈடாக இன்னும் கொஞ்சம் அமுக்கம். அடுக்கு போட்ட வரிசையே அந்த மரத்தின் உள்விசைக்குக் கணக்குப் புத்தகம். மரம் முழுதாக வளர்ந்தபின் வெளியிலிருந்து பார்த்து அந்தக் கணக்கைச் சொல்ல முடியாது.

காகிதத்தில் ஒரே ஒரு வரிச் சூத்திரம் எழுதினாள். ஜெர்மானியரான ஹான்ஸ் கூப்ளர் 1959-ல் வெளியிட்ட ஆய்வில் வருவதாம். எனக்கு லாகரிதம் மறந்துபோய்விட்டது, முடிவை மட்டும் பிடித்துக்கொண்டேன். நடுவிலிருந்து பட்டை வரையிலான தூரத்தில் ஏறக்குறைய 0.6 பங்கு வரை மரம் அமுக்கத்தில் இருக்கும். அதற்கு வெளியே இழுவிசை. கற்பூர மரத்தின் வெளித்தோலில் அந்த இழுவிசை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருப்பது சர்வசாதாரணம். இரண்டடி விட்டத் தடிக்குக் கூட்டிப் பார்த்தோம். வெளிப்பகுதி முழுவதும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 100 டன். உள்பகுதி எதிர்த்துத் தள்ளுவதும் அதே 100 டன். இரண்டும் சமம் என்பதால் நிற்கிற மரத்தில் ஒன்றும் தெரிவதில்லை. பத்து லாரிச் சுமையை ஒரு தடிக்குள் மடித்து வைத்தது போல. குறுக்கே அறுத்தால், அந்த முகத்தில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள இனி ஆள் இல்லை. நடு வெளியே தள்ளும், ஓரம் உள்ளே இழுக்கும், முகம் கிழியும். அந்த மாணவி பார்த்த நட்சத்திரம் இதுதான்.

சூத்திரத்தை நம்புகிற வயது எனக்கு இல்லை. பழைய மில்லில் கெஞ்சிக் கேட்டு ஒரு புதுத் தடியில் சோதித்தோம். பட்டையைச் செதுக்கிவிட்டு 10 அடி இடைவெளியில் இரண்டு சிறு ஆணிகள் அடித்தேன். இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்து, அது நின்ற கோட்டைப் பேனாக் கத்தியால் கீறினேன். இரண்டு அங்குல கனத்தில் அந்தப் பக்கத்துப் பலகையை அறுத்தெடுத்து, நேராக அமுக்கிப் பிடித்து மறுபடி அளந்தோம். இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. நடுக்காம்பு உள்ள பலகையிலும் அறுக்கும் முன்பே இரண்டு முனைகளிலும் அளவு எடுத்து வைத்திருந்தேன். அது மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தது. அறுத்த பலகை நீள்வதை முப்பத்தாறு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. தடியை விடப் பலகை நீளம் என்றால் டேப்பைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். மகள் காகிதத்தைக் காட்டினாள். நடுப்பலகை நீளும் என்று அதில் முன்னமே எழுதியிருந்தது, எண் உட்பட.

இன்னொன்றும் அன்று விளங்கியது. பெரிய கற்பூர மரங்களின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மரம் உளுத்ததுபோல் இருக்கும். உளியை வைத்தால் நாராக வராது, ரஸ்க் போல நொறுங்கும். பூச்சி அரித்தது என்று நாங்கள் ஒதுக்கிப் போடுவோம், பூச்சியை மட்டும் ஒருநாளும் கண்டதில்லை. மேலே சொன்ன சூத்திரப்படி, நடுவை நெருங்க நெருங்க அமுக்கம் ஏறிக்கொண்டே போகிறது. ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு தூரத்தில் அது வெளித்தோல் இழுவிசையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அவ்வளவை அந்த மரம் தாங்காது. மரம் உயிரோடு நிற்கும்போதே அதன் நடு நசுங்கிக் கண்ணுக்குத் தெரியாத மடிப்புகள் விழுகின்றன. ஆஸ்திரேலியாவில் மேக்ஸ் ஜேக்கப்ஸ் என்ற வனவியலாளர் 1930-களிலும் 40-களிலும் இந்த மரங்களின் வளர்ச்சித் தகைவை (வளரும்போதே உள்ளே சேர்கிற இழுப்பையும் அமுக்கத்தையும்) அறுத்து அறுத்து அளந்து எழுதியிருக்கிறார். அவர்கள் நாட்டு மரம், அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1843-ல் கேப்டன் காட்டன் என்ற மதராஸ் படை எஞ்சினியர் இதை நீலகிரிக்குக் கொண்டுவந்தபோது விதை வந்தது, இந்த விவரம் வரவில்லை. விறகுக்காக வந்த மரம்தானே.

மரம் எதற்காக இப்படித் தன்னையே முறுக்கேற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோடநாடு மலை விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்குக் காற்று என்றால் என்னவென்று தெரியும். மரம் வளையும்போது காற்று வரும் பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். மரத்தின் நாருக்கு இழுப்பைத் தாங்கும் சக்தி அதிகம், அமுக்கத்தைத் தாங்கும் சக்தி அதில் பாதி அளவே. வெளித்தோல் முழுவதும் முன்கூட்டியே இழுபட்டு நின்றால், அமுங்க வேண்டிய பக்கம் முதலில் அந்த இழுப்பைக் கழித்துவிட்டுத்தான் அமுங்கத் தொடங்கும். அவ்வளவு தூரம் மரத்துக்கு லாபம். பிரெஞ்சுக்காரர் பிரெசினே 1928-ல் காப்புரிமை வாங்கிய முன்தகைவு கான்கிரீட்டும் இதே தந்திரம்தானாம், பாலத்துக்குள் கம்பியை இழுத்துக் கட்டிக் கான்கிரீட்டை முன்கூட்டியே அமுக்கி வைப்பது. மரத்தில் அமுக்கமும் இழுப்பும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே.

சரிவில் சாய்ந்து வளரும் மரத்தில் இது இன்னும் கோணலாக இருக்கும். கற்பூரமும் சீகையும் சாய்ந்தால் மேற்பக்கத்தில் அதிக இழுப்புள்ள மரத்தைப் போட்டுத் தண்டை மேலே தூக்கப் பார்க்கும். பைன் மரம் இதற்கு நேர்மாறு, கீழ்ப்பக்கத்தில் தள்ளுகிற மரத்தைப் போட்டு முட்டுக்கொடுக்கும். நம் மலையில் நேராக நிற்கிற மரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், ஒரு தடி எந்தப் பக்கம் துள்ளும் என்பதை அது நின்ற சரிவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தடியில் எது மேற்பக்கம் என்று வெட்டும்போதே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள் என்று நான் எத்தனையோ காண்டிராக்டர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சுண்ணாம்பு விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை போலும்.

தென்னைக்கும் மூங்கிலுக்கும் இந்தக் கதை பொருந்தாது. அவற்றில் ஆண்டுதோறும் அடுக்குச் சேர்கிற தோல் இல்லை. உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளியே வைரம் இருந்தால் புல் என்று பழைய இலக்கணம் பிரித்திருப்பதாகப் பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். பிரித்தவர் ரம்பம் பிடித்த ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் மகளுக்கு மரத்தைவிட மண் முக்கியம், அவள் வேலை அது. அதையும் ஒரு வார்த்தை சொல்கிறேன், மலையில் இருப்பவர்களுக்குத் தேவைப்படும். 1963-ல் பிரவுன், குட்மன் என்ற இருவர் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிறிது சிறிதாகச் சேர்த்து எழுப்பிய ஒரு மேட்டையும், முழுதாக வானத்திலிருந்து இறக்கி வைத்ததாகக் கற்பனை செய்த அதே வடிவ மேட்டையும் ஒப்பிட்டால் உள்ளே இருக்கும் தகைவுகள் ஒன்றல்ல என்பதுதான் அதன் சாரம். கெட்டியான பாறைமேல் அடுக்கடுக்காக இடித்துச் சமன் செய்து 20 அடிக்கு மண் நிரப்புகிறீர்கள். எந்த அடுக்கு அதிகம் கீழே இறங்கும்? உச்சி என்றேன். இல்லை. உச்சி அடுக்கைச் சமன் செய்யும்போதே கீழே உள்ளது அமுங்கி முடிந்துவிட்டது, அதன் மேலேயும் சுமை இல்லை. அடி அடுக்குக்குக் கீழே அமுங்குவதற்கு மண் இல்லை, பாறைதான். நடுவில் பத்தாவது அடியில் போட்ட அடுக்குக்குத்தான் மேலே சுமையும் உண்டு, கீழே அமுங்கும் மண்ணும் உண்டு. அதுதான் அதிகம் இறங்கும்.

நம் மலையில் இப்போது மண் நிரப்புகிற லட்சணம் வேறு. பொக்லைன் மேலே வெட்டுகிறது, மண்ணைச் சரிவின் விளிம்பிலிருந்து கீழே தள்ளுகிறது. தள்ளிய மண் சரிவுக்கு இணையாகச் சாய்ந்த அடுக்குகளாகப் படிகிறது. ஒரு ஓடு மேல் இன்னொரு ஓடு வைத்ததுபோல, வழுக்குவதற்குத் தோதாக. மேலே சமன் செய்து சிமெண்ட் போட்டுவிட்டால், சரிவில் படி வெட்டிப் படுக்கை அடுக்காக இடித்து நிரப்பிய இடமும், அள்ளிக் கொட்டிய இடமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 2009 நவம்பர் மழையில் எங்கள் தெருவுக்குக் கீழே ஒரு வீட்டுக்காரரின் தடுப்புச்சுவர் வயிறு தள்ளிக் கவிழ்ந்தது. சுவர் கட்டியவரை எல்லோரும் ஏசினார்கள். பின்னால் மண் எந்த வரிசையில் வந்து விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு மாவட்டத்தில் கற்பூரமும் சீகையும் வெட்டும் வேலை பெருகியிருக்கிறது. நல்ல காரியம்தான், என் வயிற்றுப்பாடாக இருந்த மரம் என்பதற்காக நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மோட்டார் ரம்பத்தோடு மலையேறுகிற இளைஞர்களில் பலர் சமவெளியில் தென்னையும் வேம்பும் வெட்டிப் பழகியவர்கள். சாய்ந்து நிற்கும் கற்பூர மரத்தைப் பின்பக்கமிருந்து நேராக அறுத்துக்கொண்டே போனால், பாதி ஆழத்தில் தண்டு நெடுக்காகப் பிளந்து, பின்பாதி சரேலென்று மேலே எழும். மரத்தின் சாய்வு பாதிக் காரணம், உள்ளே அடைபட்டிருக்கிற விசை மீதி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் மார்பில் அது அடித்ததை நான் இருபதடி தூரத்தில் நின்று பார்த்தேன். பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் ரம்பத்தைத் தொடவில்லை, தேநீர்க்கடையில் உட்கார்ந்தால்கூட மரத்துக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். "மரம் வெயிலில் காய்வதால் வெடிக்கிறது" என்று நம்புகிற ஆள், மழைநாளில் பயமில்லை என்றுதானே நினைப்பார்? அச்சிட்ட இரண்டு வரி இப்படியும் வேலை செய்யும், ஐயா.

வெட்டுபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சாய்ந்த மரமானால் சாய்வுப் பக்கம் முகவெட்டு (ஆப்பு வடிவ வெட்டு) போட்டபின், ரம்ப வாளைப் பக்கவாட்டில் நடுவே நுழைத்துக் குடைந்து வந்து, முகவெட்டுக்கு அருகே மரத்தில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் அறுக்காமல் கீலாக விடுங்கள். பின்பக்கம் நான்கு விரல் அகலம் பிடிப்பும் விட்டுவையுங்கள். விலகி நிற்க வழி பார்த்த பிறகு அந்தப் பிடிப்பைக் கடைசியில் அறுங்கள். படுத்த மரத்தைத் துண்டு போடும்போது, அறுக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இருபுறமும் சுற்றிவர ஒரு காடி (பள்ளக் கோடு) அறுத்துக்கொண்டால் முனை வெடிப்பது கணிசமாகக் குறையும். வெளித்தோலின் இழுப்பு அந்தக் காடியிலேயே அறுந்துவிடுகிறது. அந்தக் காடி முழு ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதையும் அனுபவத்தில் கண்டேன். முதலாளிக்கு இது 1984-ல் தெரிந்திருந்தால் எனக்கு 40 ரூபாய் மிச்சம், அவருக்கு ஒரு லோடு மிச்சம்.

பதில் எழுதியவரைக் குறை சொல்வதற்காக இவ்வளவு நீட்டவில்லை. அந்த மாணவிக்குச் சரியான பதிலை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இடமில்லை என்றால் பாபின் கதையை மட்டும் போடுங்கள், அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள்.

எங்கள் வேலியோரம் நிற்கும் ஒரு கற்பூர மரத்தை வெட்ட அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாத முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெட்டுகிறோம். பட்டையைச் செதுக்கி 10 அடி இடைவெளியில் இரண்டு ஆணிகள் ஏற்கெனவே அடித்திருக்கிறேன். அந்தப் பெண் பெற்றோரோடு வந்தால் அளக்கும் டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுப்பேன். உங்கள் பதிலாளரும் வரலாம். மரம் சாயும்வரை இருவரும் மேட்டுப் பக்கம், மர உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். குறுக்கே அறுத்து முடித்ததும் கூப்பிடுகிறேன், அப்போது அருகே வந்து காதைக் கொடுத்தால் போதும். ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் இங்கே வெயில் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரம்ப மேஸ்திரி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.